கப்பலுக்குப் போன பெட்டி

புல் கூடாது என்று மகள் போனில் சொன்னபோது லூர்துசாமி முக்கால்வாசிப் பெட்டியைக் கட்டி முடித்திருந்தார்.

மலைமேல் வில்பட்டியில் அவர் வீட்டு முன்னறை முழுக்கக் காய்ந்த புல் வாசம். நாற்பது வருஷமாகப் பேரிக்காயும் பிளம்ஸும் கட்டி மதுரைக்கும் திருச்சிக்கும் லாரி ஏற்றியவர் அவர். மலைப்பாதையில் லாரி எவ்வளவு குலுங்கினாலும் லூர்துசாமி கட்டிய பெட்டியில் காய் கன்றாது என்று கமிஷன் கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கைகள் இப்போது மனைவியின் பீங்கான் தட்டுகளை, பேரிக்காயை வைப்பதுபோலவே, புல்லுக்குள் வரிசையாக உட்காரவைத்திருந்தன.

"அப்பா, புல்லு, வைக்கோல், மரத்தூள் ஒண்ணும் வரக்கூடாதுப்பா. இங்க துறைமுகத்துல பெட்டியப் பிரிச்சுப் பார்ப்பாங்க. பூச்சி வரும்னு எல்லாத்தையும் குப்பையில போட்டுருவாங்க" என்றாள் செலினா.

"நம்ம புல்லுல ஏது பூச்சி? வெயில்ல காயப்போட்டு உதறினதாக்கும்."

"உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்ல. அப்புறம், பழப்பெட்டியும் கூடாது. புது அட்டைப்பெட்டிதான் வேணும்."

லூர்துசாமி போனை மனைவியிடம் நீட்டிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். சகாயராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரிடி, பிரிச்சுருதோம். உங்கப்பா மூஞ்சியப் பாக்கணுமே இப்ப. ஐப்பசி மேகம் மாதிரி கெடக்கு."

செலினா அடிலெய்டில் நர்ஸ். அவளும் கணவன் கோகுல்ராஜும் அங்கே சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். புது வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பொருள் கேட்டிருந்தார்கள். செலினா கேட்டது அம்மாவின் நீலப்பூத் தட்டுகளை. கோகுல்ராஜ் கேட்டது பழனியில் அவன் அம்மாவிடம் இருந்த முருகன் படத்தை. பலருடைய சாமான்களைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் கப்பலேற்றும் மதுரை ஏஜெண்ட் ஒருவரிடம் ஒரு பெட்டிக்கு மட்டும் இடம் பிடித்திருந்தார்கள். ஏஜெண்டின் வேன் மலைக்கு வராது. மறுநாள் வத்தலக்குண்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் அன்று கோகுல்ராஜின் அம்மா தேவசேனா பழனியிலிருந்து பஸ் ஏறியிருந்தாள். மகனுக்கும் செலினாவுக்கும் கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவள் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பதிவுத் திருமணத்துக்கு வந்தவள் ஓரமாக நின்று அட்சதை போட்டுவிட்டுக் கிளம்பிப் போனவள்தான். பிறகு பொங்கலுக்கும் கிறிஸ்மஸுக்கும் போனில் இரண்டு வார்த்தை. பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போய்விட்டதில், பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

"படத்தக் குடுத்துட்டு மத்தியானப் பஸ்ஸுக்கே திரும்பிருவாகளாம். சோறு வேண்டாம்னு இப்பவே சொல்லிட்டாக" என்றாள் சகாயராணி, புல்லுக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்துத் துடைத்தபடி.

"வேண்டாம்னா விடு."

"நீங்க போய்ப் புதுப்பெட்டி வாங்கியாங்க. மழை புடிக்கதுக்குள்ள."

மூஞ்சிக்கல் கடைவீதியில் புதுப்பெட்டி கிடைத்தது. காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டில் கடைசித் துண்டுதான் மீதி. மேலும் கேட்டால் சரக்கு இனிமேல்தான் வர வேண்டும் என்றார்கள். இருந்ததைச் சுருட்டிக்கொண்டு லூர்துசாமி திரும்பும்போதே மழை பிடித்துவிட்டது. வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து தேவசேனா இறங்கிக்கொண்டிருந்தாள். மடியில் வைத்து வந்த படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதன்மேல் ஒரு அரக்குப் பட்டுச்சேலை சுற்றியிருந்தது. தலை நனைந்து, முந்தானை நனைந்து, படத்தைச் சுற்றிய சேலையில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை.

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க. குடுங்க, நான் வாங்கிக்கிருதேன்" என்று சகாயராணி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இருக்கட்டும். நானே வைக்கிறேன். எங்க வைக்கட்டும்?"

சகாயராணி மேசையைத் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் துண்டை விரித்தாள். தேவசேனா படத்தை இறக்கிச் சேலையைப் பிரித்தாள். வள்ளி தெய்வானையோடு முருகன். காகிதத்தில் வரைந்து கண்ணாடி போட்டதில்லை. கண்ணாடியின் பின்பக்கத்திலேயே வண்ணம் தீட்டி, தங்கரேக்கு ஒட்டியது. கோகுல்ராஜின் தாத்தா பஞ்சாமிர்தக் கடை ஆரம்பித்தபோது வரையச் சொல்லி வாங்கியது. அன்றிலிருந்து கடையில் முதல் விளக்கு அதற்குத்தான்.

"கண்ணாடி உடைஞ்சா வேற மாத்தலாம்ல?" என்று லூர்துசாமி கேட்டார்.

"கண்ணாடி போனா சாமியே போயிரும்ங்க. அதுலதானே இருக்காரு."

மூன்று பேரும் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே தகரத்தில் மழை கொட்டியது.

சகாயராணி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். தேவசேனா பையிலிருந்து தன்னுடைய டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக்கொண்டாள். "பிரயாணத்துல எப்பவும் வச்சிருப்பேன்" என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

மத்தியானம் வேலுமணி வந்து ஜன்னலைத் தட்டினான். மறுநாள் வத்தலக்குண்டுக்குப் பெட்டியை ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி அவனுடையது.

"அண்ணே, பழனி ரோட்டுல சவரிக்காட்டுக்கு மேல மரம் விழுந்து மண்ணும் சரிஞ்சு கெடக்காம். பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டாங்க. இன்னிக்கு எடுக்க மாட்டாங்க போல."

"வத்தலக்குண்டு ரோடு?"

"அது நல்லாருக்கு. நாளைக்கு வெள்ளனே நம்ம போயிரலாம்."

தேவசேனா எழுந்து நின்றுவிட்டாள். "நான் எப்பிடிப் போறது?"

"இப்ப வத்தலக்குண்டு இறங்கி சுத்திப் போனீங்கன்னா வீடு சேர ராத்திரியாயிரும்மா" என்றான் வேலுமணி. "நாளைக்கு எங்க கூடவே வாங்க. வத்தலக்குண்டுல பழனி பஸ் ஏத்தி விட்டுருதேன்."

தேவசேனா கணவர் சேனாதிபதிக்குப் போன் போட்டாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது. அவர் பேசியது வெளியே கேட்டது. "இருந்துட்டு வா. சம்பந்தி வீடுதானே, சத்திரமா?" அவள் போனை வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். சகாயராணி டிரங்குப் பெட்டியிலிருந்து துவைத்து மடித்த கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தேவசேனா அதை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பிறகு வேலை ஆரம்பமானது. பிளாஸ்டிக் ஷீட் படத்துக்கும், தட்டுகளின் செட்டிலேயே கப்புகளோடு இருந்த டீ பாட்டுக்கும்தான் போதும். மற்றதற்கெல்லாம் துணிதான் என்று முடிவாயிற்று. சகாயராணி பீரோவைத் திறந்து செலினாவின் பள்ளிக்கூட ஸ்வெட்டர்களை, குட்டையாகிப்போன மப்ளர்களை, பழைய போர்வைகளை அள்ளி வந்து கொட்டினாள்.

"இதெல்லாம் போட்டு வச்சிருக்கியா இன்னும்?" என்றார் லூர்துசாமி.

"தூக்கிப் போட மனசு வரல. இப்பப் பாருங்க, சோலிக்கு ஆச்சுல்ல."

லூர்துசாமிக்குக் காலையில் போன உற்சாகம் திரும்பி வந்தது. பெட்டியின் அடியில் போர்வையை நாலாக மடித்துப் போட்டார்.

"தட்டப் படுக்கப் போடக்கூடாது. நிறுத்தித்தான் வைக்கணும். படுக்கப் போட்டா மேல உள்ள பாரம் பூராம் அடித்தட்டு மேல இறங்கிரும். படத்த நடுவுல நிப்பாட்டிருவோம். ரெண்டு பக்கமும் தட்டு. அப்ப எந்தப் பக்கம் இடிச்சாலும் சாமிக்கு ஒண்ணும் ஆகாது."

தட்டுகள் வெள்ளை, ஓரம் முழுக்க நீலப்பூக் கொடி. சகாயராணி மிஷன் பள்ளி ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்த காலத்தில், வெளிநாட்டு வாத்தியார் குடும்பம் ஒன்று ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது வீட்டுச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்றார்கள். எல்லோரும் ஹீட்டரையும் கம்பளியையும் பார்த்து ஓட, சகாயராணி இந்தத் தட்டுகளுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கடல் தாண்டி வந்த தட்டுகள். இப்போது மறுபடியும் கடலுக்குக் கிளம்பியிருந்தன.

தேவசேனா ஒரு தட்டைப் பார்த்தாள். தொடவில்லை.

"இது நீங்க பொழங்குற தட்டுங்களா, செலினாம்மா?"

"எப்பவும் இல்ல. கிறிஸ்மஸுக்கு எடுப்போம். யாராச்சும் முக்கியமா வந்தா எடுப்போம்."

"கறி வச்சுச் சாப்பிட்டிருப்பீங்க."

"கிறிஸ்மஸுன்னா பின்ன, கறி இல்லாமயா?" என்று லூர்துசாமி சிரித்தார்.

தேவசேனா சிரிக்கவில்லை. அவள் முருகனுக்கு நேர்ந்துகொண்டு கறி மீனை விட்டவள். வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சாமிய அதுக்கு நடுவுல வைக்க மனசு ஒப்பல. கொஞ்சம் தள்ளியாச்சும் வைக்க முடியுமான்னு பாருங்க."

"பெட்டிக்குள்ள ஏதும்மா தள்ளி வைக்க எடம்?" என்றார் லூர்துசாமி.

சகாயராணியின் முகம் மாறிவிட்டது. முப்பது வருஷம் ஹாஸ்டல் பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்தவள். குரலை உயர்த்தத் தெரியாதவள் இல்லை. ஆனால் குனிந்து, பெட்டிக்குள் நிறுத்தியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"சாமி படம் போகட்டும். தட்டு கெடக்கட்டும்."

"ஏய் ராணி, புள்ள ஆசையா கேட்டிருக்கா."

"அந்த ஊருல தட்டு விக்காமயா இருக்கும்? அந்தப் படம் விக்காதுல்ல. நீங்க சுத்தி ஸ்வெட்டரப் போட்டு அடைங்க."

தேவசேனா இதை எதிர்பார்க்கவில்லை. வாதாடுவார்கள் என்று நினைத்திருந்தாள். வாதாடினால் பதில் சொல்ல நான்கு வருஷத்துக்கான பேச்சு அவளிடம் இருந்தது. இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள். லூர்துசாமி டேப்பை எடுக்கவில்லை. "காலையில பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

பொழுது இறங்கியதும் சகாயராணி அடுப்படியில் கரிச்சட்டியில் கணப்பு மூட்டி, அதன் பக்கத்தில் தேவசேனாவுக்கு முக்காலி போட்டாள். தேவசேனா பாலும் இரண்டு மலைவாழைப்பழமும் போதும் என்றுவிட்டாள். அப்போதுதான் செலினா கூப்பிட்டாள். சகாயராணி ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"கட்டியாச்சாம்மா?"

"கட்டிக்கிட்டிருக்கோம். உங்க அத்தை வந்திருக்காக. ரோடு அடைஞ்சு போச்சு, நம்ம வீட்டுலதான் தங்குறாக."

"ஐயோ, நிஜமாவா? சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாக, சாப்பிட்டாக." சகாயராணி தேவசேனாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இந்தா பாரு செலினா, தட்டு இப்ப வரல. ரெண்டு மூணுல கீறல் விட்டிருக்கு. கப்பல்ல போட்டா தாங்காது. நான் வரும்போது கையில கொண்டாறேன்."

"கீறலா? போன வருஷம் வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு."

"வயசான தட்டு. விடுடி."

"அந்தத் தட்டுல ஒண்ணாச்சும் அனுப்பும்மா. பழனில வீட்டுக்குள்ள வராதன்னு சொன்ன அன்னிக்கு, இவரு மழையில நனைஞ்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாருல்ல. நீங்க அந்தத் தட்டு எடுத்துத்தானே சோறு போட்டீங்க. அவரு அதச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. புது வீட்டுல மொத நாள் அதுலதான் சாப்பிடணும்னு ரெண்டு பேரும் நினைச்சிருந்தோம்."

சகாயராணி ஈரக்கையோடு ஓடிவந்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "சரி சரி. நாளைக்குப் பேசுதேன்."

அடுப்பில் ரசம் நுரை கட்டியது. இறக்கி வைத்தாள். தேவசேனா கணப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கதவைச் சாத்தியவள் அவள்தான். மகன் நண்பன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்திருந்தாள். எங்கே போனான் என்று பிறகு அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"அன்னிக்கு அவன் என்ன சாப்பிட்டான்?"

"சோறும் ரசமும்தான். உருளைக்கிழங்குப் பொரியல் இருந்துச்சு. முட்டை பொரிக்கட்டுமான்னு கேட்டேன். அம்மா இன்னிக்கு வெரதம், நானும் சாப்பிடலன்னான்."

"அழுதானா?"

சகாயராணி கரண்டியை வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பாதிச் சாப்பாட்டுல அழுதான். நான் பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்புறம் அவனாவே இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்கன்னு கேட்டான்."

"ரசம்னா அவனுக்கு உசுரு."

"தெரியாமப் போச்சு. இல்லன்னா சட்டியோட வச்சிருப்பேன்."

தேவசேனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைச் சால்வை நுனியில் ஒற்றிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "எனக்கும் ஒரு வாய் ரசம் குடுங்க, மதினி. குளிருது" என்றாள். தன் டம்ளர் முன்னறையில் இருந்ததை அவள் மறந்துவிட்டாளோ என்னவோ, சகாயராணி நீட்டிய டம்ளரை வாங்கி ஊதி ஊதிக் குடித்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. பேரிமரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லூர்துசாமி முன்னறைக்கு வந்தபோது தேவசேனா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நீலப்பூத் தட்டு. கழுவித் துடைத்திருந்தது.

"மதினி, தோசை ஊத்துறீங்களா? இதுல ரெண்டு போடுங்க."

சகாயராணி அடுப்படி வாசலில் நின்றபடி கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே போ என்றார்.

தேவசேனா நிதானமாகச் சாப்பிட்டாள். பூண்டுச் சட்னி காரமாக இருந்தது. இரண்டாவது தோசைக்கும் அதையே கேட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே கழுவிக்கொண்டு வந்து, துணியால் ஈரம் போகத் துடைத்தாள்.

"நானும் இதுல சாப்பிட்டாச்சு. இனி என்ன? வாங்கண்ணே, வெரசா கட்டுவோம். வண்டி வந்துரும்."

படத்தைச் சுற்றிக் கொண்டுவந்த பட்டுச்சேலையை எடுத்து அவளே முழம் முழமாக மடித்தாள். சகாயராணி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"அய்யய்யோ, பட்டச் சுத்துறீங்க தட்டுக்கு? இது என்ன சேலை?"

"என் கல்யாணச் சேலைதான். சரிகை விட்டுப்போச்சு. பொட்டிக்குள்ள கெடந்து என்ன பண்ணப்போகுது? படத்துக்குத்தான் பிளாஸ்டிக் போட்டாச்சே. பட்டு வழுக்கும், உரசாது. மருமக வேணும்னா குட்டிப் பாவாடை தைச்சுக்கட்டும், பின்னால பொம்பளப் புள்ள பொறந்தா."

"இப்பவே பாவாடை வரைக்கும் போயிட்டீங்களா?"

"நீங்க போகலையாக்கும்?"

இரண்டு பெண்களும் சிரித்ததில் லூர்துசாமி கத்திரிக்கோலை எங்கே வைத்தோம் என்று மறந்து தேடினார்.

படம் நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் பட்டு மடிப்புக்கு ஒன்றாகத் தட்டுகள். டீ பாட்டின் வயிற்றுக்குள் மப்ளரை அடைத்து மேலே வைத்தார்கள். கப்புகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் கை. சந்துகளில் எல்லாம் துணியைத் திணித்தார்கள். மூடியதும் தேவசேனா ஒரு பக்கமும் லூர்துசாமி மறுபக்கமும் பிடித்து மெல்ல ஆட்ட, சகாயராணி காதை வைத்துக் கேட்டாள்.

"ஏதோ கிணுங்குது."

"மூடியா இருக்கும். பொறு."

பிரித்து, டீ பாட் மூடிக்குத் தனியாக ஒரு காலுறையைப் போட்டுத் திரும்ப மூடினார்கள். இந்தத் தடவை சத்தமில்லை. லூர்துசாமி டேப்பை நெடுக்காகவும் குறுக்காகவும் ஓட்டினார். மேலே எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை சுற்றி வந்து மூலைகளை அழுத்திப் பார்த்தார்.

வேலுமணியின் பிக்கப்பில் பின்னால் தார்ப்பாய்க்கடியில் பெட்டியை வைக்கலாம் என்றதற்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து, நடுவில் பெட்டியை வைத்து, ஆளுக்கொரு கையைப் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது. "யம்மா, இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும்" என்றான் வேலுமணி. ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் வெயில் வந்தது. சால்வையைக் கழற்றி மடித்துத் தேவசேனா தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்று சகாயராணிக்கும் தோன்றவில்லை.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஏஜெண்டின் வேன் நின்றது. இறக்கிய ஆள் பெட்டியின் எல்லாப் பக்கமும் 'உடையும் பொருள்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கேட்டான்.

"உள்ள என்னம்மா?"

"சாமியும் தட்டும்" என்றாள் தேவசேனா.

பழனி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டி, "பெட்டி போய்ச் சேந்ததும் பழனிக்கு வாங்க. சேந்து பாப்போம்" என்றாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் பெட்டி அடிலெய்டு போய்ச் சேர்ந்தது. செலினா அதைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். லூர்துசாமியும் சகாயராணியும் பழனிக்குப் பஸ் ஏறிப் போய் இறங்கியதும், அடிவாரத்துப் பக்கம் தேவசேனாவின் வீட்டில் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சேனாதிபதிகூடக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

கோகுல்ராஜ் டேப்பைக் கிழித்தான். ஸ்வெட்டரும் மப்ளரும் வெளியே வந்தன. செலினா ஒரு சிறு ஸ்வெட்டரை முகத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, நம்ம வீட்டு வாசம் வருது" என்றாள். டீ பாட் வந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாகப் பட்டுக்குள்ளிருந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் "ம்" என்று ஒரு மூச்சு. ஒரு கப்பின் காது மட்டும் உடைந்து தனியாக வந்தது. கோகுல்ராஜ் திருடிப் பிடிபட்டவன்போல அதைக் காட்டினான்.

"ஒண்ணுதானே, விடுய்யா. அதுல பேனா போட்டு வச்சுக்க" என்றாள் சகாயராணி.

கடைசியாக அவன் படத்தைத் தூக்கிக் காமிராவுக்கு நேராகப் பிடித்தான். முருகன் முகத்திலும் வள்ளி தெய்வானை முகத்திலும் ஒரு கீறலும் இல்லை. தேவசேனா இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு சகாயராணியின் முழங்காலைத் தட்டி, "பாத்தீங்களா மதினி" என்றாள். சேனாதிபதி லூர்துசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லாக் கட்டியிருக்கீங்க" என்றார். லூர்துசாமி இருமிக்கொண்டார்.

போனை வைத்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. சாம்பார், அவியல், பாயசம் என்று தேவசேனா இலை போட்டிருந்தாள். மலைக்காரியான சகாயராணிக்குத் தை மாதத்துப் பழனி வெயிலே தாங்கவில்லை. இரண்டு வாய் பாயசத்தோடு எழுந்து, சிமெண்டுத் தரையில் மின்விசிறிக்கடியில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

லூர்துசாமி மூன்று மணி பஸ்ஸுக்கு எழுப்பலாம் என்று குனிந்தார்.

"அண்ணே, எழுப்பாதீங்க" என்று தேவசேனா மெல்லச் சொல்லிக்கொண்டே ஜன்னல் கதவைச் சாத்தினாள். "பஸ்ஸு நாளைக்கும் இருக்கு."